நான்காவது மாடியில் ஒரு பொது மேஜை

வாடகைக்கு இடம் பிடித்தாகிவிட்டது. மேஜை, நாற்காலி, வைஃபை எல்லாம் தயார். சொந்தமாகத் தொழில் செய்பவர்கள், செய்ய ஆசைப்படுகிறவர்கள் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. திறப்பு நாளன்று காலையில் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தால், ஒருவரும் வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. ஒரு மாதம் ஓடிப்போனது. அப்போதும் மேஜைகள் காலி.

உலகம் முழுக்க இன்று ‘கோ-வொர்க்கிங்’ என்று அழைக்கப்படும் பொதுப் பணியிடத்தின் கதை இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் பிராட் நியூபெர்க் என்ற இளம் கம்ப்யூட்டர் புரோகிராமர் 2005 ஆகஸ்ட் 9 அன்று அந்த இடத்தைத் திறந்தார். அவருக்கு இருந்த பிரச்னை ரொம்பச் சின்னது. கம்பெனி வேலைக்குப் போனால் நாலு பேரோடு பேசிச் சிரிக்கலாம். ஆனால் சுதந்திரம் இருக்காது. தனியாகத் தொழில் செய்தால் சுதந்திரம் இருக்கும். ஆனால் நாள் முழுக்க வீட்டுச் சுவரோடுதான் பேச வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்கக் கூடாதா என்று யோசித்தார்.

பெண்கள் சேர்ந்து நடத்திவந்த ஓர் இல்லத்தில், வாரத்துக்கு இரண்டே நாள்களுக்கு, மாதம் 300 டாலர் வாடகை பேசினார். காலையில் போய் மடக்கு மேஜைகளை விரிப்பார். சாயங்காலம் அவரே மடக்கி வைப்பார். சேர்ந்து சாப்பிடலாம், நடுவில் கொஞ்சம் தியானம் செய்யலாம், 5.45 மணிக்கு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று திட்டமெல்லாம் பக்காவாகப் போட்டிருந்தார். ஆள்தான் இல்லை. ஒரு மாதம் கழித்துத்தான் முதல் ஆள் வந்தார். பிறகு மெள்ள மெள்ள இன்னும் சிலர். ‘இந்த யோசனையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று நியூபெர்க் தாராளமாகச் சொல்லிவிட்டதால், சில வருடங்களிலேயே அது கடல் தாண்டிப் போய்விட்டது.

புதிதாக இப்படி ஓர் இடம் தொடங்குகிறவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய சேதி இந்தக் கதையில் இருக்கிறது. மேஜையும் வைஃபையும் யாரையும் வரவழைப்பதில்லை. அப்படியானால் எது வரவழைக்கும்? வந்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? எல்லாவற்றுக்கும் மேலாக, மாசாமாசம் வாடகையை யார் கட்டுவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல பாடம் வைத்திருக்கும் ஊர், கென்யாவின் தலைநகரமான நைரோபி.

கலவரத்தில் பிறந்த கூட்டணி

2007 டிசம்பர் 27. கென்யாவில் அதிபர் தேர்தல் நடந்தது. மூன்று நாள் கழித்து முடிவு அறிவிக்கப்பட்டதும் நாடு பற்றி எரிந்தது. அடுத்த சில வாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டு ஓடினார்கள். டி.வி., ரேடியோ நேரலைகளுக்கு அரசு தடை போட்டது. பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது, எந்தச் சாலையில் போனால் உயிர் தப்பலாம் என்பதே தெரியாத நிலை.

ஓரி ஒகொல்லோ என்ற கென்யப் பெண் வழக்கறிஞர் அப்போது வலைப்பதிவு எழுதிவந்தார். மக்கள் அனுப்பிய தகவல்களை விடாமல் பதிவு செய்துகொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் தனி ஒருத்தியாக அவரால் சமாளிக்க முடியவில்லை. ‘எங்கெங்கே வன்முறை நடக்கிறது என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்ட முடியுமா? கம்ப்யூட்டர் தெரிந்த யாராவது செய்து தர முடியுமா?’ என்று கேட்டு எழுதினார். அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்து சூடானிலும் கென்யாவிலும் வளர்ந்த எரிக் ஹெர்ஸ்மன், கென்யரான ஜூலியானா ரோட்டிச், அமெரிக்காவில் வசித்த கென்ய புரோகிராமர் டேவிட் கோபியா ஆகியோர் கைகோத்தார்கள். சில நாள்களிலேயே அந்த வரைபடம் தயாராகிவிட்டது. செல்போன் வைத்திருக்கும் யாரும் எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், அது வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். அதற்கு ‘உஷாஹிடி’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்வாஹிலி மொழியில் சாட்சியம் என்று பொருள்.

2010 ஜனவரியில் ஹைட்டி நாடு பூகம்பத்தில் நொறுங்கியபோது, இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து வந்த உதவிக் குரல்களை வரைபடமாக்கியதும் இதே உஷாஹிடிதான். கென்யாவில் பிறந்த ஒரு மென்பொருள், உலகத்தின் இன்னொரு மூலையில் மீட்புப் பணிக்குக் கைகொடுத்தது.

இந்தக் குழுவுக்கு ஓர் உண்மை உறைத்தது. நைரோபியில் திறமைசாலிகள் ஏராளம். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் கல்லூரி விடுதி அறையில் உட்கார்ந்திருப்பார்; இன்னொருவர் ஒரு காபியை வாங்கி வைத்துக்கொண்டு அரை நாள் கடையில் ஒப்பேற்றிக்கொண்டிருப்பார். 2008-ல் தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடிப் பேசியபோது, ‘நமக்கென்று ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்குமே’ என்ற ஏக்கம் வெளிப்பட்டது.

காலமும் கனிந்துவந்தது. 2007 மார்ச்சில் சஃபாரிகாம் நிறுவனம் ‘எம்-பெசா’ சேவையைத் தொடங்கியிருந்தது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள்கூட சாதாரண செல்போன் மூலம் பணம் அனுப்பலாம், வாங்கலாம். ஸ்வாஹிலியில் ‘பெசா’ என்றால் பணம். இந்திய வணிகர்களோடு கடல் தாண்டிப் போன நம் ‘பைசா’தான் அது. அடுத்து, 2009-ல் கடலடி கேபிள்கள் கென்யக் கரையைத் தொட்டன. அதுவரை இன்டர்நெட் என்றால் செயற்கைக்கோளை நம்பித்தான். விலையும் அதிகம், வேகமும் குறைவு. கேபிள் வந்ததும் கதவு திறந்தது. ஆட்கள் இருந்தார்கள், தேவை இருந்தது, கருவியும் வந்துவிட்டது. உட்கார இடம் மட்டும்தான் பாக்கி.

வெள்ளை, பச்சை, சிவப்பு

2010 மார்ச் மாதம் அந்த இடமும் கிடைத்தது. நைரோபியின் கோங் சாலையில் ‘பிஷப் மகுவா சென்டர்’ என்ற கட்டடத்தின் நான்காவது மாடி. பெயர், ‘ஐஹப்’. இ-பே நிறுவனர் பியேர் ஒமிடியாரின் அமைப்பும், நெதர்லாந்தின் ஹிவோஸ் தொண்டு நிறுவனமும் தொடக்கப் பணம் தந்தன.

வேகமான இன்டர்நெட், ஒரு காபிக் கவுன்டர், களைத்தவர்கள் விளையாட ஒரு மேஜைக் கால்பந்து. பார்வைக்கு அவ்வளவுதான். நியூபெர்க்கின் மேஜைகளைப் போல இது காலியாகக் கிடக்கவில்லை. காரணம், இங்கே கதவு திறப்பதற்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். இரண்டு வருடங்களாக வலைப்பதிவுகளிலும் கூட்டங்களிலும் பேசிப் பழகியவர்கள், தங்களுக்காகத் திறந்த கதவு என்று நினைத்து வந்தார்கள். முதல் கேள்விக்கு நைரோபி தந்த பதில் இதுதான்: முதலில் சொந்தங்களைச் சேர், வீட்டை அப்புறம் கட்டு.

யாரை உள்ளே விடுவது என்பதற்கும் அழகான ஓர் ஏற்பாடு செய்தார்கள். மூன்று வண்ணங்களில் உறுப்பினர்கள். வெள்ளை என்றால் இணையம் வழியாக மட்டும் உறவு, இலவசம். பச்சை என்றால் விண்ணப்பித்து, என்ன செய்கிறோம் என்று சொல்லி, தேர்வாகி, நேரில் வந்து உட்காரலாம்; அதுவும் இலவசம். சிவப்பு என்றால் மாதக் கட்டணம் கட்டி, தனக்கென்று ஒரு மேஜை வைத்துக்கொள்ளலாம்.

இதில் பச்சைதான் உயிர்நாடி. கையில் காசில்லாத, ஆனால் உழைக்கத் தயாராக இருக்கும் கல்லூரி மாணவனும் மாணவியும் பஸ்ஸுக்கு மட்டும் காசிருந்தால் வந்துவிடலாம். அங்கே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே ஒரு நிறுவனத்தை நடத்துகிறவராக இருப்பார். புரோகிராமில் எங்கோ சிக்கல் என்றால் எட்டிப் பார்த்துக் கேட்கலாம். எம்-பெசாவைத் தன் ஆப்-பில் எப்படி இணைப்பது, கம்பெனியைப் பதிவு செய்ய எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம் என்பதெல்லாம் புத்தகத்தில் இல்லாத பாடங்கள். அவற்றைச் சொல்லித்தர ஒரு பக்கத்து மேஜை போதும்.

அந்தப் பக்கத்து மேஜையை அறிமுகப்படுத்தி வைக்கவும் ஒருவர் வேண்டும் இல்லையா? கல்யாண வீட்டில் வாசலில் நின்று வரவேற்று, யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று பார்த்துச் செய்கிறவர் மாதிரி. ஐஹப்பின் ஆரம்ப காலத்தில் அந்தப் பொறுப்பில் மேலாளராக இருந்தவர் ஜெசிகா கொலாசோ என்ற கென்யக் கணினி நிபுணர். புதிதாக வந்து மூலையில் கூச்சத்தோடு நிற்பவரை, ‘நீ தேடிக்கொண்டிருக்கும் ஆள் அதோ அந்த ஜன்னலோரம் இருக்கிறார்’ என்று அழைத்துப் போய் விடுவது சம்பளப் பட்டியலில் தனியாக எழுத முடியாத வேலை. ஆனால் பொதுப் பணியிடத்தில் நடக்கும் மற்ற வேலைகள் எல்லாம் அதை நம்பித்தான் நிற்கின்றன.

பக்கத்து நாற்காலி தந்தவை

சில வருடங்களிலேயே ஐஹப்பின் உறுப்பினர் எண்ணிக்கை பத்தாயிரத்தைத் தாண்டியது. எண்ணிக்கையை விட, அங்கே முளைத்தவற்றைப் பார்ப்பதுதான் பயன்.

2010-லேயே அங்கு புழங்கிய இளம் பெண்கள் சிலர் ஒன்றைக் கவனித்தார்கள். அறை நிறைய ஆண்கள். பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ‘நாம் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருப்போம்’ என்று ‘அகிராசிக்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நைரோபியின் ஏழைக் குடியிருப்புகளில் பள்ளி முடித்து, மேலே படிக்க வழியில்லாமல் நிற்கும் பெண்களுக்கு ஒரு வருடம் இலவசமாகக் கம்ப்யூட்டர் பயிற்சி தர ஆரம்பித்தார்கள். அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஏஞ்சலா ஒடுவோர் லுங்காட்டி, பின்னாளில் உஷாஹிடி நிறுவனத்துக்கே தலைமைப் பொறுப்பேற்றார்.

அதே பெண்கள் வட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான் ஜமீலா அப்பாஸும் அவர் தோழிகளும். கென்ய விவசாயிகளுக்கு ஒரு தீராத தலைவலி இருந்தது. நகரச் சந்தையில் உருளைக்கிழங்கு இன்று என்ன விலை என்று விளைவித்தவருக்குத் தெரியாது. லாரியோடு வரும் தரகர் சொல்வதுதான் விலை. விவசாயி ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், அன்றைய சந்தை விலை பதிலாக வந்துவிடும்படி ‘எம்-ஃபார்ம்’ என்ற சேவையை இந்தப் பெண்கள் உருவாக்கினார்கள். 2010-ல், 48 மணி நேரத்தில் ஒரு தொழிலைத் தொடங்கிக் காட்டும் போட்டியில் அதற்குத்தான் முதல் பரிசு. ஸ்மார்ட்போன் இல்லாத விவசாயிக்கும் பயன்படும் சேவை என்பதுதான் அதன் சிறப்பு.

நைரோபியில் கரன்ட் போகும். போனால் இன்டர்நெட்டும் சேர்ந்தே போகும். வெளிநாட்டில் தயாரான மோடம் எதுவும் இந்தக் கஷ்டத்தை நினைத்துச் செய்யப்பட்டதில்லை. எரிக் ஹெர்ஸ்மனும் நண்பர்களும் தாங்களே ஒன்றைச் செய்தார்கள். செங்கல் மாதிரி உறுதியான ஒரு பெட்டி. கரன்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஒரு வழி அடைத்தால் செல்போன் சிம் வழியாக இன்டர்நெட்டைப் பிடிக்கும். பெயரும் ‘பிரிக்’தான். 2013-ல் ‘கிக்ஸ்டார்ட்டர்’ தளத்தில் பொதுமக்களிடம் நிதி கேட்டபோது, சுமார் 1,72,000 டாலர் சேர்ந்தது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஒன்றுகூட ‘உலகத்தை மாற்றும் ஐடியா என்ன’ என்று உட்கார்ந்து யோசித்ததில் வந்ததில்லை. எல்லாமே அந்த ஊர்க்காரர்களின் சொந்தக் கஷ்டத்திலிருந்து வந்தவை. பக்கத்து மேஜைக்காரருக்கும் அதே கஷ்டம் இருந்ததால், ‘எனக்கும்தான்’ என்று அவரும் சேர்ந்துகொண்டார். புதுமை என்ற பெரிய வார்த்தைக்கு நைரோபியில் கிடைத்த பொருள் இதுதான்.

வெயிலில் நடந்த பட்டறை

இந்த ஏற்பாடு கென்யாவுக்கு ஒன்றும் புதிதில்லை. நைரோபியின் கமுகுஞ்சிப் பகுதிக்குப் போனால் காதைப் பிளக்கும் சத்தம் கேட்கும். பழைய எண்ணெய் பீப்பாய்களை அறுத்து, தட்டி, நிமிர்த்தி, டிரங்குப் பெட்டி, அடுப்பு, தள்ளுவண்டி, ‘கராய்’ என்று அவர்கள் சொல்லும் கடாய் எல்லாம் செய்கிறார்கள். கூரைகூட இல்லாமல் கொளுத்தும் வெயிலில் வேலை பார்ப்பதால், இந்தக் கைத்தொழிலாளர்களுக்கு ‘ஜுவா காலி’ என்றே பெயர். ‘சுள்ளென்ற வெயில்’ என்று அர்த்தம்.

ஒருவரை ஒருவர் ஒட்டி உட்கார்ந்து, ஒரே மாதிரிப் பொருள் செய்யும் இவர்கள் போட்டியாளர்கள்தான். ஆனாலும் ஒருவரிடம் இல்லாத கருவியை இன்னொருவர் தருவார். பெரிய ஆர்டர் வந்தால் பிரித்துக்கொள்வார்கள். வேலை கற்க வரும் பையன் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொள்வான். 1972-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, ‘வேலையில்லாதவர்கள்’ என்று அதிகாரிகள் ஒதுக்கிவைத்த இப்படிப்பட்டவர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியது. ‘முறைசாராத் துறை’ என்று பொருளாதார வல்லுநர்கள் இன்று சொல்லும் சொல் பரவியதே அந்த அறிக்கைக்குப் பிறகுதான்.

ஐஹப் செய்ததும் இதையேதான். தகரத்துக்குப் பதில் மென்பொருள். வெயிலுக்குப் பதில் கூரை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கமுகுஞ்சித் தொழிலாளி காலையில் செய்த கடாயைச் சாயங்காலம் விற்றுவிடுவார். நான்காவது மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவருக்கு முதல் ரூபாய் வர ஒரு வருடம் ஆகலாம், மூன்று வருடம் ஆகலாம், வராமலே போகலாம். வாடகையோ ஒன்றாம் தேதி தவறாமல் வந்துவிடும்.

வாடகை யார் கட்டுவது?

2016 செப்டம்பர் 1. ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் முன்னறிவிப்பு இல்லாமல் நைரோபிக்கு வந்து இறங்கினார். ஐஹப்புக்குப் போய் இளைஞர்களோடு பேசினார். ‘மாமா ஒலீச்’ என்ற உள்ளூர் உணவகத்தில் மீனையும் ‘உகாலி’ என்கிற மக்காச்சோளக் களியையும் கையால் சாப்பிட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டன. அதற்கு முன்பே ‘சிலிக்கான் சவானா’ என்ற செல்லப் பெயரும் நைரோபிக்கு வந்துவிட்டது.

படத்தில் தெரியாத கவலை ஒன்று உள்ளே இருந்தது. தொடங்கும்போது நன்கொடை கொடுப்பவர்கள் கிடைப்பார்கள். ரிப்பன் வெட்டுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆறாவது வருடம் கரன்ட் பில் கட்டுவதில் அந்தக் கௌரவம் இல்லை. பத்தாயிரம் உறுப்பினர்களில் பெரும்பாலானவர்கள் கட்டணம் கட்டாதவர்கள். கட்டச் சொன்னால் யாருக்காகத் திறந்தோமோ அவர்களே வெளியே போய்விடுவார்கள். கட்டச் சொல்லாவிட்டால் கதவையே சாத்த வேண்டியிருக்கும். பொதுப் பணியிடம் நடத்தும் ஒவ்வொருவரும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வந்து நிற்கும் முட்டுச்சந்து இது.

ஐஹப் பல வழிகளைப் பார்த்தது. ஆய்வுகள் செய்து கொடுத்தது, நிகழ்ச்சிகள் நடத்தியது, நிறுவனங்களுக்கு ஆலோசனை சொன்னது. 2016-ல், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆப்பிரிக்க ஆய்வகத்துக்குத் தலைவராக இருந்த கமல் பட்டாச்சார்யா பொறுப்பேற்று, நன்கொடையை நம்பி இருந்த இடத்தை வணிக அடிப்படையில் திருப்பப் பார்த்தார். 2017-ல் ஐஹப் தான் பிறந்த நான்காவது மாடியை விட்டு வேறு கட்டடத்துக்கு மாறியது.

வேறு மனக்குறைகளும் இருந்தன. கென்யாவில் புதுத் தொழில்களுக்கு வரும் முதலீட்டில் பெரும்பகுதி, வெளிநாட்டிலிருந்து வந்து நிறுவனம் தொடங்கியவர்களுக்கே போகிறது என்ற ஆதங்கம் உள்ளூர் இளைஞர்களிடம் வலுவாக இருந்தது. ‘மேஜை எங்களுக்கு, பணம் அவர்களுக்கா?’ என்று கேட்டார்கள். போட்டிகளில் ஜெயித்துப் பரிசு வாங்கியும், வாடிக்கையாளர் கிடைக்காமல் மூடிய நிறுவனங்கள் பல. கைதட்டல் வேறு, கல்லாப்பெட்டி வேறு என்பதை எல்லோரும் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள்.

2019 செப்டம்பரில் ஒரு செய்தி வந்தது. ஐஹப்பை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. வாங்கியது அமெரிக்கக் கம்பெனியும் இல்லை, ஐரோப்பியக் கம்பெனியும் இல்லை. நைஜீரியாவின் லாகோஸ் நகரில், யாபா பகுதியில், ஏறக்குறைய ஐஹப் தொடங்கிய அதே காலத்தில் தொடங்கப்பட்ட இன்னொரு பொதுப் பணியிடமான ‘சிசி ஹப்’. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான போசுன் டிஜானி, 2023-ல் நைஜீரியாவின் தகவல் தொடர்பு, டிஜிட்டல் பொருளாதாரத் துறை அமைச்சரானார். ஐஹப் அதே பெயரிலேயே தொடர்ந்தது. கண்டத்தின் கிழக்குக் கரையில் தள்ளாடிய ஒரு வீட்டை, மேற்குக் கரையில் இருந்த உறவுக்காரர் வந்து தாங்கிப் பிடித்ததுபோல அது அமைந்தது.

அதே மாதம், இன்னொரு செய்தி

ஐஹப் திறந்த 2010-ஆம் வருடமே அமெரிக்காவின் நியூயார்க்கில் இன்னொரு பொதுப் பணியிடமும் பிறந்தது. அதன் பெயர் ‘வீவொர்க்’. அது பிரமாண்டமாக வளர்ந்தது. உலகின் பெருநகரங்களில் எல்லாம் கட்டடங்களைப் பல வருடக் குத்தகைக்கு எடுத்து, பளபளவென்று அலங்கரித்து, மேஜைகளை மாத வாடகைக்கு விட்டது. 2019 ஜனவரியில் அதன் மதிப்பு 4,700 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். அதே வருடம் பங்குச் சந்தைக்கு வரத் தயாரானபோது, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருமானத்துக்கு ஈடாக நஷ்டமும் ஏறிக்கொண்டிருந்தது. ஐஹப் கைமாறிய அதே 2019 செப்டம்பரில் வீவொர்க்கின் நிறுவனர் ஆடம் நியூமன் தலைமைப் பதவியை விட்டு விலகினார். பங்கு வெளியீடும் கைவிடப்பட்டது. 2023 நவம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றப் படியேறியது.

சறுக்கிய இடம் எது என்று பார்த்தால் நைரோபிக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசமில்லை. கொடுக்க வேண்டிய வாடகை நிலையானது. வர வேண்டிய வாடகை நிலையில்லாதது. கட்டட உரிமையாளரிடம் பத்து, பதினைந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மேஜையில் உட்கார்ந்திருப்பவரோ அடுத்த மாதமே கிளம்பிவிடலாம். நடுவில் கொரோனா மாதிரி ஒன்று வந்தால் எல்லோரும் ஒரே நாளில் கிளம்பிவிடுவார்கள். கோடிகளில் புரண்ட நிறுவனத்தையும் இந்தக் கணக்கு விட்டுவைக்கவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. வீவொர்க் தடுமாறியபோது, அங்கிருந்தவர்கள் வேறு கட்டடத்தில் வேறு மேஜை பார்த்துக்கொள்ளலாம். ஐஹப் மூடப்பட்டிருந்தால், நைரோபியில் பஸ் காசோடு வரும் ஒரு மாணவிக்கு அந்தப் பக்கத்து நாற்காலி இன்னோர் இடத்தில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதனால்தான் அதை விட்டுவிடாமல் தாங்கிப் பிடிக்க ஆள் வந்தது. வாடகை கொடுப்பவர்களை மட்டுமே வைத்திருந்த இடம் வேறு, தன்னுடையது என்று நினைப்பவர்களை வைத்திருந்த இடம் வேறு.

திறக்கும் முன்பு கேட்க வேண்டியவை

இப்போது பெருநகரங்களைத் தாண்டி, சின்ன ஊர்களிலும் இப்படிப்பட்ட இடங்கள் திறக்கப்படுகின்றன. தையல் தொழில் செய்யும் பெண், வீட்டிலிருந்து கணக்கெழுதிக் கொடுப்பவர், ஆப் செய்யும் கல்லூரி மாணவர், ஊறுகாய் விற்க ஆன்லைனில் கடை போட நினைக்கும் தம்பதி என்று எல்லோருக்கும் அது பயன்படலாம். திறக்க நினைப்பவர்கள் பெயின்ட் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பு, நைரோபி கற்ற பாடத்தை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்ப்பது நல்லது.

முதல் நாள் வரப்போகிற பத்து பேரின் பெயரை இப்போதே சொல்ல முடியுமா? முடியாவிட்டால் இடம் பார்ப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்து அறையிலோ நூலகத்திலோ வாரம் ஒருமுறை கூடிப் பேசத் தொடங்கலாம். பத்து பேர் சேர்ந்த பிறகு வாடகைக்குப் போகலாம். நியூபெர்க்கும் வாரத்துக்கு இரண்டு நாள்தான் எடுத்தார். அதனால்தான் காலி மேஜைகளை ஒரு மாதம் அவரால் தாங்க முடிந்தது.

வருபவரை யார் வரவேற்பார்கள்? காவலாளியும் கேமராவும் மட்டும் இருந்தால் அது வாடகைக் கட்டடம். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘என்ன வேலை போய்க்கொண்டிருக்கிறது?’ என்று கேட்க ஒருவர் இருந்தால்தான் அது பொதுப் பணியிடம். பட்ஜெட்டில் முதல் சம்பளம் அவருக்கு.

மூன்றாவது வருடம் வாடகையை யார் கட்டுவார்கள்? இதற்கு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்பது பதில் இல்லை. எத்தனை சிவப்பு மேஜைகளின் கட்டணம் எத்தனை பச்சை நாற்காலிகளைத் தாங்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். அரசு உதவியோ நன்கொடையோ வந்தால், அதை மேஜை நாற்காலிக்கே கொட்டிவிடாமல், ஒரு பகுதியைப் பின்னாளைய வாடகைக்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

ஜெயித்த நிறுவனம் எத்தனை என்று மட்டும் பார்த்தால் எந்தப் பொதுப் பணியிடமும் ஏமாற்றமாகத்தான் தெரியும். தொழில் தொடங்கும் எல்லோரும் ஜெயிப்பதில்லை. ஆனால் அங்கே நாலு வருடம் உட்கார்ந்து தோற்ற ஒருவர், வேறொரு நிறுவனத்தில் நல்ல வேலைக்குப் போயிருப்பார். இன்னொருவரின் தொழிலில் பங்குதாரர் ஆகியிருப்பார். அல்லது அடுத்து வருபவருக்கு, ‘இந்தத் தப்பை நான் செய்தேன், நீ செய்யாதே’ என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல்லுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி கிடையாது.

நைரோபியில் விருந்தாளி வாசலுக்கு வந்தால் ‘கரிபு’ என்பார்கள். ‘வாங்க, கிட்ட வாங்க’ என்று பொருள். பொதுப் பணியிடத்துக்கு அந்த ஒரு சொல்தான் அஸ்திவாரம். ஆனால் அதை ஒன்றாம் தேதி காலையிலும் சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டுமென்றால், அந்த மாத வாடகைக்கு வழி பார்த்து வைத்திருக்க வேண்டும்.